இருநூறு கிராம் லென்ஸ்

அந்த அக்கா முதல்முறை எங்கள் கடைக்கு வந்தபோது கழுத்தில் ஒரு துணிப்பை தொங்கியது. கேமராப் பை என்று நினைத்தேன். கழற்றி கவுண்டர் மேல் வைத்ததும் அது சரசரத்தது. உள்ளே துவரம்பருப்பு.

"அரைக் கிலோ," என்றார். "காலைலேர்ந்து மாட்டிகினு கீறேன். ஆவடி ஸ்டேஷன் பாலத்துல ரெண்டு தபா ஏறி எறங்கிட்டு அப்பறம் பஸ் புடிச்சேன். கண்டக்டர் கேக்கறாரு, இன்னாமா பருப்ப கழுத்துல கட்டிகினு போற, ஊட்ல எலி தொல்லையான்னு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பிடரியில் ஓரிடத்தை விரலால் அழுத்திக் காட்டினார்.

"இங்க புடிச்சிக்குது. பர்மா பஜார்ல ஒருத்தன் ஒரு லென்ஸ் காட்டினான். கிட்ட, தூரம் எல்லாம் ஒண்ணுலயே வருமாம். எடை அரைக் கிலோன்னான். அது நமக்கு ஆவாது. லேசா, அகலமா எதுனா இருந்தா காட்டு பாப்பா."

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையத்துக்கு எதிரே எங்கள் கடை. முன்பக்கம் கேமராவும் ஃபிலிமும் விற்போம். பின்பக்கம் படம் கழுவிப் பிரிண்ட் போடும் மெஷின். நான் பி.எஸ்சி. இயற்பியல் முடித்த கையோடு அங்கே சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர்கள் கிடையாது. அயப்பாக்கத்தில் இருந்த நிலம் மனைகளாகிப் போனபின் அப்பா மூட்டை தூக்கினார். நான் சேர்ந்த வாரம் ஒருநாள் எதிர்ச்சாரியில் வந்து நின்று, கண்ணாடிக்குப் பின்னால் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, கடைக்குள் வராமலேயே போய்விட்டார். லென்ஸ் பெட்டிகளில் வரும் ஆங்கிலத் தாளைப் படிக்கத் தெரிந்தவள் கடையில் நான் ஒருத்திதான். முதலாளியே என்னிடம்தான் நீட்டுவார். பத்து மணிநேரம் நின்று கால் மரத்துப் போகும். ஆனால் அந்தத் தாளை விரித்துப் படிக்கும்போது மட்டும் முதுகு தானாக நிமிரும்.

அக்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அவர் இருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்வார். அப்போது நாற்பது வயது இருக்கும். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்து, அதே தொழிற்சாலையில் தையல் பிரிவில் சேர்ந்து, அதே குடியிருப்பில் வேறொரு வரிசைக்கு மருமகளாகப் போனவர். எதையும் சுமந்து பார்க்காமல் அவர் ஏற்றுக்கொண்டதே இல்லை. நாம் சொல்லும் கணக்கு எதுவும் அவருக்குக் கணக்கில்லை. உடம்பு சொல்ல வேண்டும்.

முகப்பேரில் வீட்டுவசதி வாரிய வீடு ஒன்று விலைக்கு வந்தபோது, அவர் கணவர் சுவரையும் பத்திரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கீழே போய் யாரிடமோ ஒரு குடம் இரவல் வாங்கி, குழாயில் நிரப்பி, மூன்றாம் மாடிக்கு நான்குமுறை ஏறி இறங்கினார். ஐந்தாவது முறை படியிலேயே குடத்தை வைத்துவிட்டு, "வேணாங்க" என்றாராம். அவ்வளவுதான் வீட்டுப் பேச்சு. தையல் பிரிவில் சூப்பர்வைசர் பதவி தருவதாகச் சொன்னபோது, ஒரு வாரம் சும்மாவே அந்த வேலையைச் செய்து பார்த்தார். "திட்டணும், திட்டு வாங்கணும். ரெண்டுமே கனமா கீது," என்று மறுபடி மெஷினுக்கே போய் உட்கார்ந்துவிட்டார்.

கடையில் நான் முக்காலியை நகர்த்தினால் உட்கார மாட்டார். "ஒக்காந்தா எழுந்திருக்கறது ஒரு வேல பாப்பா," என்பார். முதுகெலும்பில் ஒரு தட்டு விலகியிருப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். ஏன் விலகியது என்பதை டாக்டர் சொல்லத் தேவையில்லை. மாமியார் ஐந்து வருடமாகப் படுக்கை.

"அத்த நாப்பது கிலோ. ஒரு நாளைக்கு நாலு தபா தூக்கி ஒக்கார வெக்கறேன். அதுக்கு எந்தக் கடைல லேசு வாங்கறது?"

இதை அவர் வருத்தமாகச் சொல்லவில்லை. பஸ் தாமதம் என்பதைப்போல் சொன்னார்.

தொழிற்சாலைக்காரர்கள் சிலர் சேர்ந்து வருடத்துக்கு ஒருமுறை மலையேறப் போவார்கள். ஜவ்வாது மலைப் பக்கம் நான்கு நாள் நடை. பெண்கள் ஐந்தாறு பேர் உண்டு. குழுவில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருவர் மூட்டையை இன்னொருவர் சுமக்கக் கூடாது. யாருடைய மூட்டையை மற்றவர் சுமக்க நேர்கிறதோ, அவர் மறு வருடம் வர முடியாது. அரிசி, பாத்திரம் பொதுச்சுமையில் ஆளுக்கு மூன்று கிலோ. அக்கா தன் முதுகை எண்ணி, தன்னுடையதையும் சேர்த்து மொத்தம் ஆறு கிலோவுக்கு மேல் தூக்குவதில்லை என்று குழுத் தலைவரிடம் ஒப்புக்கொண்டிருந்தார். அந்த மூன்று கிலோவுக்குள் போர்வை, புடவை, தண்ணீர், கேமரா. ஒரே ஒரு லென்ஸ்தான் கொண்டுபோக முடியும்.

அவரிடம் ஏற்கெனவே இருந்தது சாதாரண லென்ஸ். அதில் எடுத்த பழைய படங்களைக் கொண்டுவந்து காட்டினார். ஒரு பள்ளத்தாக்கை மூன்று துண்டுகளாக எடுத்து, பிரிண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கோந்து போட்டு ஒட்டியிருந்தார். மலைமுகடு ஒவ்வோர் ஒட்டிலும் ஒரு படி இறங்கியது.

"எங்கத்த கேக்கறா, மலைய இன்னாத்துக்குடி வெட்டி வெட்டி எடுத்தாந்தன்னு."

"கொஞ்சம் பின்னாடி போய் எடுத்திருக்கலாமே அக்கா?"

"பின்னாடி போனா போட்டோ வராது பாப்பா, நான்தான் பேப்பர்ல வருவேன். பின்னாடி பள்ளம்."

இந்த வருடம்தான் அவருக்குக் கடைசி. மாமியாரை நான்கு நாள் பார்த்துக்கொள்ள நாத்தனார் வருவாள். அடுத்த வருடம் அவள் குடும்பம் பம்பாய் போகிறது. அதன்பிறகு விட்டுவிட்டுப் போக ஆளில்லை. "ஒரே தபா முழுசா எடுத்தாந்துட்டா போதும்," என்றார். "செவுத்துல மாட்டிகினு பாத்துகினு கெடப்பேன்."

நான் மூன்று லென்ஸ் எடுத்து வைத்தேன். ஒன்று அவர் பருப்பாகச் சுமந்து பார்த்த அரைக் கிலோ வகை. இரண்டாவது, மிக அகலமானது, லேசானது. ஆனால் விலை என் நான்கு மாதச் சம்பளம். மூன்றாவது வேறொரு கம்பெனியின் இருபத்தெட்டு மில்லிமீட்டர். இருநூறு கிராம். விலை இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கு. கிட்டே இழுக்க வராது, அகலம் மட்டும்.

"கிட்ட போணும்னா நடந்து போறேன். கால் கீது."

கடை வாசலில் நிறுத்தி ஒவ்வொன்றாக மாட்டிக் கொடுத்தேன். எதிரே பஸ் நிலையம். அவர் பழைய லென்ஸில் நான்கு பஸ் தெரிந்தது. இருபத்தெட்டில் ஏழு. விலை கூடியதில் எட்டு.

"ஒரே ஒரு பஸ்ஸுக்கா இவ்ளோ காசு?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றும் வாங்கவில்லை. இருநூறு கிராம் பருப்பை ஒரு சின்னப் பையில் போட்டு ஒரு வாரம் மாட்டிக்கொண்டு திரிந்தார். தையல் மெஷின் முன்னால், ரேஷன் வரிசையில், மாமியாரைத் தூக்கும்போது. அடுத்த சனிக்கிழமை வந்தார்.

"மாட்டிகினு கீறதே மறந்து போச்சு. அப்படியே சாம்பார் வெச்சேன்."

"அந்தப் பருப்பையா அக்கா?"

"அது எடைக்கு வெச்ச பருப்பு. சாம்பாருக்கு வேற."

அப்படித்தான் அந்த லென்ஸ் முடிவானது. இதுவரை நான் சொன்னதில் தவறில்லை. இதற்கு மேல் சொன்னதுதான் என் படிப்பு.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். எந்த லென்ஸும் முன்னால் ஒரு ஃபில்டர் மாட்டாமல் வெளியே போகாது. கண்ணாடிமேல் கீறல் விழாமல் காக்கும் சாதாரணக் கண்ணாடி வளையம் அது. முதலாளியே திருகி மாட்டிவிடுவார். எனக்கு அது போதவில்லை. வானத்தின் நீலத்தை ஆழமாக்கும் இன்னொரு வகை ஃபில்டர் உண்டு. இலைமேல் அடிக்கும் வெளிறலையும் அடக்கும். ஒளி அலைகள் எப்படி ஒரே தளத்தில் மட்டும் அதிரும்படி ஆகின்றன என்று கல்லூரியில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அதை யாரிடமாவது சொல்ல இரண்டு வருடமாகக் காத்திருந்தேன். அக்கா கேட்டுக்கொண்டு நின்றார். பாடம் முழுக்கச் சொன்னேன்.

"வானம் நெசமாவே அப்படி நீலமா வருமா?"

"வரும் அக்கா."

அவர் ஒரு வளையத்தின்மேல் இன்னொரு வளையம் ஏறியிருப்பதைப் பார்த்தார். உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினார்.

"ரெண்டும் சேந்து அம்பது கிராம் வருமா? உள்ள கீறத கழட்டிட்டு இத மட்டும் போட்டுக்கவா?"

"வேண்டாம் அக்கா. கழற்றி மாட்டும்போது தூசி போகும். ரெண்டும் இருக்கட்டும்."

"ஒண்ணு மேல ஒண்ணு போட்டா எதுனா ஆவுமா?"

"ஒண்ணும் ஆகாது. நான் படிச்சிருக்கேன்."

எல்லாவற்றையும் சுமந்து பார்த்தே நம்பும் மனுஷி, என் வார்த்தையை மட்டும் அப்படியே எடுத்துக்கொண்டு போனார்.

புறப்படும் அன்று ஆவடி பிளாட்பாரத்தில் குழுத் தலைவர் ஸ்பிரிங் தராசில் மூட்டைகளை நிறுத்தாராம். அக்காவினுடையது ஆறு கிலோவைத் தாண்டி நின்றது. ஐம்பது கிராம் இருக்கும். அங்கேயே மூட்டையைப் பிரித்து, முதுகுக்குத் தேய்க்கும் தைலக் குப்பியை எடுத்து வழியனுப்ப வந்த வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். இதைத் திரும்பி வந்தபின் அவர்தான் சொன்னார். சிரிக்கச் சொல்லும் கதைபோல, ஃபிலிம் சுருள்கள் மூன்றையும் கவுண்டர்மேல் வரிசையாக நிறுத்திக்கொண்டே.

"ரெண்டாவது நாளு முதுவு புடிச்சிக்கிச்சு. தைலம் இல்ல. ஒரு பாறைல கவுந்து படுத்துகினு கெடந்தேன். அப்பறம் எழுந்து நடந்துட்டேன். மூட்டைய யார்கிட்டயும் குடுக்கல."

மூன்று சுருள்களையும் நானே கழுவப் போட்டேன். ஈரம் காய்ந்ததும் முதல் சுருளை விளக்குப் பலகையில் விரித்தேன். பள்ளத்தாக்கு முழுதாக விழுந்திருந்தது. முகடு முகடாக, ஓர் ஒட்டும் இல்லாமல். நான்கு மூலைகளிலும் வளைவாக ஒன்றுமே விழாத இடம் இருந்தது. பிரிண்ட் போட்டால் கருப்பாக வரும். அடுத்த படத்திலும் நான்கு மூலை. அதற்கடுத்ததிலும். மூன்று சுருளிலும் மூலை மறையாத படம் ஒன்றுகூட இல்லை.

லென்ஸுடன் வந்த தாளின் நகல் இழுப்பறையில் இருந்தது. எடுத்து விரித்தேன். எடையும் கோணமும் இருந்த முதல் பக்கத்தைத்தான் நான் அன்று படித்திருந்தேன். பின்பக்கத்தில், ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் இருந்தது: ஒரு ஃபில்டருக்கு மேல் மாட்ட வேண்டாம், ஓரங்கள் மறையும், கேமராவுக்குள் பார்க்கும்போது அது தெரியாமல் போகலாம். படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான் இருந்தாள். அவள் தாளைத் திருப்பவில்லை.

முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"இன்னா லென்ஸ் கோளாறா?"

நான் தாளை மடித்து இழுப்பறைக்குள் தள்ளினேன்.

"ஓரத்த வெட்டிட்டு நடுவ பெருசாக்கிப் போட்டுக் குடு. அந்தம்மாவுக்கு இன்னா தெரியப் போவுது."

வெட்டினேன். ஒவ்வொன்றாக மெஷினில் தள்ளித் தள்ளி, கருப்பு வெளியே போகும்வரை. அகலத்துக்காக வாங்கிய லென்ஸின் அகலத்தை நானே நறுக்கி எடுத்தேன். வேலை முடியும்போது கை ஓய்ந்துபோயிருந்தது.

அக்கா பிரிண்டுகளை நின்றபடியே பார்த்தார். நான்காவது படத்தில் நின்றுவிட்டார்.

"இங்க ஒரு மரம் இருந்துதே பாப்பா. இடது கைப் பக்கம். காஞ்ச மரம். அது ஓரத்துல வரணும்னுதான் அவ்ளோ நேரம் நின்னேன்."

"வந்திருக்காது அக்கா."

"வந்துது. பாத்துட்டுதான் அமுக்கினேன்."

"லென்ஸ் அப்படி. விலை கம்மி இல்லையா. காட்டினதைவிடக் குறைவாத்தான் விழும்."

அந்தப் பொய் என் வாயிலிருந்து எவ்வளவு திருத்தமான தமிழில் வந்தது என்பது இன்னும் காதில் இருக்கிறது. அவர் பிரிண்டுகளை அடுக்கி உறைக்குள் போட்டார். பிறகு நெகட்டிவ்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடம் போகும் அவர் மகள் வந்து ஒரு சுருளைக் கொடுத்துவிட்டுப் போனாள். பாதிதான் ஓடியிருந்தது. கழுவிப் பிரிண்ட் போட்டேன். குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி, ஒரே இடத்தில் நின்று மூன்றுமுறை எடுத்தது. முதல் படத்தில் மூலைகள் கருப்பு. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் தொட்டி முழுதாக, மூலை சுத்தமாக இருந்தது. இரண்டு வளையத்தோடு ஒன்று, ஒரு வளையத்தோடு ஒன்று, வளையமே இல்லாமல் ஒன்று. ஆங்கிலத் தாள் இல்லாமலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார்.

அதிலிருந்து ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்து கத்தினால் முதலாளி என்னைக் கவுண்டரிலிருந்து எடுத்துப் பின்பக்கம் கவரில் விலாசம் எழுத உட்காரவைத்துவிடுவார். இனி இவள் சொல்வதை யார் கேட்பார்கள் என்பார். அதைத்தான் நினைத்தேன். அந்த நான்கு நாள் அவருக்குத் திரும்பி வராது என்பதைப் பிறகுதான் நினைத்தேன். இந்த வரிசையை மாற்றி எழுத மனம் வரவில்லை.

வந்தார். தனியாக இல்லை. குழுவில் உடன் வந்த ஒரு பெண்மணியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாவுக்கும் அதே லென்ஸ் வேண்டுமாம். அக்கா முதலில் ஒரு நெகட்டிவை நீட்டினார். காய்ந்த மரம் இருக்கும் படம்.

"இத பெருசா போட்டுக் குடு. ஓரத்த எதுவும் வெட்டாத."

"மூலைல கருப்பு வருமே," என்றார் முதலாளி.

"வரட்டும். மரம் அதுக்கு இந்தாண்ட கீது."

கூட வந்த அம்மா நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஏண்டி, இது இன்னா மூலைக்கு மூல? நானும் இதே லென்ஸ வாங்கினா எனக்கும் இப்படித்தான் விழுமா?"

முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"லென்ஸ் நல்ல லென்ஸுதான்," என்றார் அக்கா. "முன்னாடி ரெண்டு வளையம் மாட்டிகினு எடுத்துட்டேன். ஒண்ண கழட்டிருக்கணும். பாப்பா அப்பவே சொல்லிச்சு. நான்தான் மறந்துட்டேன்."

"படிச்ச பொண்ணு சொன்னாகூட கேக்க மாட்டியா நீ? அவ்ளோ தூரம் போயிட்டு, எல்லாத்தையும் பாழாக்கிகினு வந்து நிக்கற."

"எனக்கு எங்க ஏறுது அதெல்லாம்," என்றார் அக்கா. அப்போதுகூட அவர் முக்காலியில் உட்காரவில்லை. ஒரு கையைக் கவுண்டரில் ஊன்றி, எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றிக்கொண்டார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரிய படத்துக்கு முன்பணம் கொடுத்தார். "அத்த தனியா கீது, நான் வரேன். நீ வாங்கிகினு வா," என்று அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

முதலாளி புதிய லென்ஸைப் பெட்டியிலிருந்து எடுத்து வழக்கம்போல் வளையத்தைத் திருகி மாட்டினார். கை நீட்டி, "அந்த நீல வானம் ஃபில்டரயும் எடும்மா, இவங்களுக்கும் மேல மாட்டிடலாம்," என்றார்.

"ரெண்டும் சேர்த்து மாட்டக் கூடாது சார்," என்றேன். "அந்த அக்காவுக்கு நான் அதைச் சொல்லவே இல்லை. மாட்டிக்கிட்டுப் போகச் சொன்னதே நான்தான்."

முதலாளியும் அந்த அம்மாவும் என்னையே பார்த்தார்கள். நான் வாசலைப் பார்த்தேன். ஆவடி பஸ் ஏற்கெனவே கிளம்பியிருந்தது.